அடைப்புக்குறிக்கு விட்ட இடைவெளி

"ஐந்து எக்ஸ் அடுக்கு இரண்டு பெருக்கல் இரண்டு எக்ஸ் அடுக்கு மூன்று. நீ சொன்ன விடை..." மாதிரித் தேர்வுத் தாளைக் கொஞ்சம் விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். "இருநூறு எக்ஸ் அடுக்கு ஐந்து."

சிரித்திருக்கக் கூடாது. ஆனால் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்குச் சிரிக்கிறீங்க அண்ணி?"

"பத்து வரணும்மா. அஞ்சு ரெண்டு பத்து. எக்ஸோட அடுக்கை மட்டும் கூட்டினா அஞ்சு. அதைச் சரியா சொல்லியிருக்கே. இருநூறு எங்கேருந்து வந்து குதிச்சுது?"

"உங்க புத்தகத்துலேருந்துதான்" என்றாள் என் நாத்தனார். மேஜையைத் தடவி, தாள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, என் கையிலிருந்து அதை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பார்வை கிடையாது. ஆனாலும் தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். கதவு சத்தமில்லாமல் மூடியது. எங்கள் வீட்டில் கதவு சத்தமில்லாமல் மூடினால் கோபம் பெரியது என்று அர்த்தம்.

அவளுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. கூரியர் அலுவலகம் ஒன்றில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலையில் அவள் எட்டு வருடமாக இருக்கிறாள். "உங்க பார்சல் கிளம்பிடுச்சு சார்" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வாளோ, அவளுக்கே தெரியாது. அவளுக்கு ஆசையெல்லாம் இயன்முறை சிகிச்சை உதவியாளர் படிப்பில். கை கால் முடங்கியவர்களை மறுபடி நடக்க வைக்கும் வேலை. "அதுக்குக் கண்ணு எதுக்கு, கை போதும்" என்பாள். அவள் சொல்வது உண்மைதான். கழுத்துப் பிடித்துக்கொண்டால் நானே அவள் முன்னால்தான் போய் உட்காருவேன். அந்தப் படிப்பில் சேரக் கணக்குத் தேர்வு ஒன்றை எழுதித் தேற வேண்டும். அடுத்த வருடம் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். தேர்வுக்கு இன்னும் பத்து நாள்கூட இல்லை. மாதிரித் தேர்வில் மற்ற பாடங்களெல்லாம் தேறிவிட்டன. இயற்கணிதக் கோவைகளை அடுக்குக்குறி விதிகளைக் கொண்டு பெருக்கும் பாடம் மட்டும் மொத்தமாகக் கவிழ்த்துவிட்டிருந்தது. அதுதான் நிறைய மதிப்பெண் உள்ள பாடமும்கூட.

அந்தப் பாடத்தை ஒலிப்புத்தகமாக வாசித்தவள் நான். பார்வையற்றவர்களுக்கான ஒலி நூலகத்தில் எனக்கு வேலை. கல்லூரியில் கணக்குப் படித்தவள் என்பதால் கணக்குப் புத்தகம் என் தலையில் விழுந்தது. என் குரலைப் பதிவு செய்து, இருமல் தும்மலை எல்லாம் எடுத்துவிட்டுச் சுத்தமாக்கித் தருவது என் கணவர். அலுவலகத்தில் அவருக்குக் கத்திரி என்று பெயர். மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆக, அந்த இருநூறில் எங்கள் குடும்பத்தில் மூன்று பேருக்கும் பங்கு இருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் நாத்தனார் என்னோடு பேசவில்லை. நான் பக்கத்தில் டீயோடு நிற்கிறேன் என்று தெரிந்தும், அண்ணனைப் பார்த்துத்தான் பேச்சு.

"அண்ணா, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, எனக்கு டீ வேணாம்னு."

"நான் என்ன ஸ்பீக்கரா? அவ இங்கேதான் நிக்கிறா."

"எங்கே நிக்கிறாங்கன்னு எனக்கும் தெரியும். சிரிப்பு வர்ற திசையிலதான் நிப்பாங்க."

"மகாராணி, ஆறிப்போகுது, குடி" என்றார் அவர். தங்கைக்கு அவர் வைத்த பெயர் அது. அவள் குடித்தாள். ஆனால் கோப்பையை என் கையில் தராமல் தானே எழுந்து போய்க் கழுவி வைத்தாள். குழாயை அடைக்கும்போது, யாரிடமும் சொல்லாத மாதிரி, "தெரியாததைத் தெரியலைன்னு சொல்லலாம். தெரிஞ்சுக்கிட்டது தப்புன்னா என்ன பண்றது?" என்றாள்.

அது எனக்கு உறைத்தது. அவள் கவனமில்லாமல் படிக்கிறவள் இல்லை. ஒரு தப்பை ஒரு தடவை செய்தால் தடுமாற்றம். வரிசையாக ஒரே மாதிரி செய்தால் யாரோ அப்படிக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

"உனக்கு இருநூறு எப்படி வந்துதுன்னு சொல்லு. நான் சிரிக்க மாட்டேன்" என்றேன்.

அவள் ஈரக் கையைத் துண்டில் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"அஞ்சு எக்ஸ் அடுக்கு ரெண்டு. அடுக்கு ரெண்டுன்னா அஞ்சுக்கும் உண்டு, எக்ஸுக்கும் உண்டு. ஐயஞ்சு இருபத்தஞ்சு. அடுத்தது ரெண்டு எக்ஸ் அடுக்கு மூணு. ரெண்டுக்கும் அந்த மூணு உண்டு. எட்டு. இருபத்தஞ்சை எட்டால பெருக்கினா இருநூறு. அடுக்கை மட்டும் கூட்டணும், அஞ்சு. இதுல எங்கே தப்பு?"

"அஞ்சுக்கு அந்த அடுக்கு கிடையாதே. அது எக்ஸுக்கு மட்டும்தானே?"

"முதல் பயிற்சியில அப்படித்தான் இருந்துது. ரெண்டாம் பயிற்சியில மாத்திட்டாங்களே?"

"மாத்திட்டாங்களா?"

"கணக்குல எப்பவும் அப்படித்தானே அண்ணி? மூணுலேருந்து அஞ்சு போகாதுன்னு அடிச்சு அடிச்சுச் சொல்லிக் கொடுத்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் போகும், மைனஸ் ரெண்டு வரும்னாங்க. இதுவும் அந்த மாதிரி, முதல்ல சின்னப் பிள்ளைக் கணக்கு, அப்புறம் நிஜக் கணக்குன்னு நினைச்சேன். ரெண்டாம் பயிற்சி விடையெல்லாம் என் முறையிலதான் சரியா வருது. ஒரே ஒண்ணைத் தவிர எல்லாம் போட்டுப் பார்த்தேன்."

அவள் சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. அவளுடைய இடத்தில் நானாக இருந்தாலும் அதையேதான் முடிவு செய்திருப்பேன். புத்தகத்தைத் திறந்தேன். இரண்டாம் பயிற்சி, முதல் கணக்கு: (2x)³ × x². விடை 8x⁵. அடைப்புக்குறி கறுப்பு மையில் பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

"உன் போனைக் குடு" என்றேன்.

அவள் கொடுத்தாள். இரட்டை வேகத்தில்தான் அவள் கேட்பாள். எனக்கு அது கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி கேட்கும். வேகத்தைக் குறைத்துவிட்டுப் போட்டேன். என் குரல், நல்ல தெளிவாக, ஒரே சீராகச் சொன்னது: "இரண்டு எக்ஸ் அடுக்கு மூன்று பெருக்கல் எக்ஸ் அடுக்கு இரண்டு. விடை, எட்டு எக்ஸ் அடுக்கு ஐந்து."

அடைப்புக்குறியைக் காணோம்.

நான் அதை வாசித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் "அடைப்புக்குறி திறக்கிறது, அடைப்புக்குறி மூடுகிறது" என்று சொல்லிக்கொண்டு போனால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. கேட்கிறவர்களுக்குக் கணக்கே மறந்துவிடும். அதனால் அடைப்புக்குறி வரும் இடத்தில் நிறுத்தி வாசித்தேன். "இரண்டு எக்ஸ்" என்று சொல்லி, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு மூச்சு விட்டு, பிறகு "அடுக்கு மூன்று" என்பேன். இரண்டும் எக்ஸும் ஒரு பொட்டலம், அந்த மூன்று பொட்டலம் முழுவதற்கும் உரியது என்று அந்த நிறுத்தத்திலேயே புரிந்துவிடும். என் வாசிப்பில் எனக்கு இருந்த ஒரே கர்வம் அது.

"ஏங்க" என்றேன்.

என் கணவர் காலுறையைத் தேடிக்கொண்டிருந்தார். என் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்குப் பயந்து ஒற்றைக் காலுறையோடு வந்து நின்றார்.

"ரெண்டு எக்ஸுக்கும் அடுக்கு மூணுக்கும் நடுவுல நான் நிறுத்தினேன். அது எங்கே?"

"எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா?"

"அரை விநாடிக்கு மேல சைலன்ஸ் இருக்கக் கூடாதுன்னு மேனேஜர் ரூல். போன தடவை போன் நின்னுபோச்சுன்னு நினைச்சு எத்தனை பேர் புகார் பண்ணாங்க? இந்தப் பாடத்துல நீ அடிக்கொரு தடவை நின்னே. எனக்கு என்ன தெரியும்? மறந்துட்டு யோசிக்கிறேன்னு நினைச்சேன். ஒட்டு தெரியாம வெட்டியிருக்கேன் பாரு. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

"கண்டுபிடிக்கலையே. அதானே பிரச்சனை!"

"அடைப்புக்குறிக்கு நிறுத்துவேன்னு எங்கேயாவது சொன்னியா நீ?"

"முன்னுரையில சொல்லியிருக்கேன். 'அடைப்புக்குறி வரும் இடங்களில் சற்று நிறுத்தி வாசிக்கப்படும்.' நீங்க கேக்கலையா?"

"முன்னுரையை யார் கேப்பாங்க?" என்றார் அவர்.

"முன்னுரையை யார் கேக்கறா?" என்றாள் அவளும், அதே நேரத்தில், அதே ராகத்தில். அண்ணன் தங்கை என்பதற்குச் சான்றிதழே தேவையில்லை.

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் சீறிவிட்டு நின்றது.

"அப்போ, 'மூன்று எக்ஸ் அடுக்கு இரண்டு அடுக்கு இரண்டு'ன்னு ஒண்ணு வருமே?" என்றாள் நாத்தனார் மெதுவாக. "நீங்க நாக்கு தடுமாறி ரெண்டு தடவை சொல்லிட்டீங்கன்னு நினைச்சேன். அண்ணன் அதை வெட்டாம விட்டுட்டான்னு வேற."

"அது மூணு எக்ஸ் அடுக்கு ரெண்டு, அதை அப்படியே அடைப்புக்குறியில போட்டு, வெளியில ஒரு அடுக்கு ரெண்டு."

"அடுக்குக்கு மேல அடுக்கு. அப்போ பெருக்கணும். ஒன்பது எக்ஸ் அடுக்கு நாலு." கட்டைவிரலால் மற்ற விரல் நுனிகளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அதான் அந்தக் கணக்கு மட்டும் என்ன முட்டினாலும் வரலை."

அன்றைக்கே நூலகத்தில் மேனேஜரிடம் போய் நின்றோம். அவர் நல்ல மனிதர். ஆனால் எந்தச் செய்தியைக் கேட்டாலும் முதலில் அட்டவணையைத்தான் பார்ப்பார்.

"தப்பு தப்புதான். அந்தப் பாடத்தை அனுப்பின எல்லாருக்கும் இன்னிக்கே தகவல் போயிடும், கேக்க வேணாம், புதுசு வருதுன்னு. ஆனா புதுசு வாசிக்க ஸ்டூடியோ வேணுமே? இந்த வாரமும் அடுத்த வாரமும் வரலாற்றுப் புத்தகம் உள்ளே உக்காந்திருக்கு. வாசிக்கிறவர் வெளியூர்க்காரர், லீவு போட்டு வந்திருக்கார்."

"பழைய பதிவு? வெட்டறதுக்கு முன்னாடி இருந்தது?" என்று நான் கேட்டேன்.

"சரிபார்த்து முடிஞ்சதும் அழிச்சிடுவோம்ல? டிஸ்க்ல இடம் ஏது? என்ன கத்திரி, அழிச்சாச்சுல்ல?"

"அழிச்சாச்சு சார்" என்றார் என் கணவர். சொல்லும்போது என் பக்கம் பார்க்காமல், ஸ்டூடியோ கதவுக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் பொய் சொல்லும்போது எதையாவது வெறிப்பார். ஆனால் அது முழுப் பொய்யாகவும் எனக்குப் படவில்லை.

அன்று மாலை நாத்தனாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "நானே பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டறேன். பாடம் ஒண்ணுதானே?"

"எப்போ வாசிப்பீங்க? நீங்க வேலைக்குப் போயிட்டு வரும்போது ஏழு மணி. நான் கேக்கறது பஸ்ல. ரெண்டு போன் காலுக்கு நடுவுல. ஒரு கணக்கை முப்பது தடவை கேப்பேன். முப்பது தடவை உங்களால சொல்ல முடியுமா? பத்தாவது தடவையே முகத்தைத் தூக்கிடுவீங்க."

"எனக்கு முகம் தூக்கினா உனக்கு எப்படித் தெரியும்?"

"குரலும் கூடவே தூக்கும் அண்ணி."

என் கணவர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். காதில் ஹெட்போன். அது வீட்டில் அவருடைய வழக்கமான வேலை. நாத்தனார் தலையை அவர் பக்கம் திருப்பினாள்.

"அண்ணா. அந்தக் குப்பையை எடுத்து அண்ணிகிட்ட குடுத்துடேன்."

மடித்த சட்டை அவர் கையிலேயே நின்றது.

"எந்தக் குப்பை?" என்றேன்.

"தெரியாத மாதிரி நிக்கறானா? அண்ணி, நீங்க ஸ்டூடியோவுல தும்மறது, இருமறது, நாற்காலி கிரீச்னு கத்தறது, உங்களுக்குள்ளேயே பேசிக்கிறது, வெட்டின எல்லாத்தையும் இவன் தனியா சேர்த்து வச்சிருக்கான். துணி மடிக்கும்போது அதைத்தான் கேக்கறான். ஹெட்போன்லேருந்து வெளியே கசியுது. போன வாரம் நீங்க ஒன்பது தடவை தும்மினீங்க. இவன் சிரிச்சான்."

நான் அவரைப் பார்த்தேன். கல்யாணமாகி ஆறு வருடம். நான் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் இரண்டாவது வாக்கியத்திலேயே "சரி, சுருக்கமா சொல்லு" என்கிறவர் இவர். வீட்டிலும் கத்திரிதான் என்று நான் என் அம்மாவிடம் எத்தனை முறை குறைப்பட்டிருக்கிறேன்!

"அழிச்சாச்சுன்னு மேனேஜர்கிட்ட சொன்னீங்க?"

"முழுப் பதிவை அழிச்சாச்சு. அது உண்மை. வெட்டின துண்டுங்க மட்டும் இருக்கு."

"அதுல என் நிறுத்தமெல்லாம் இருக்கா?"

"மூச்சு விட்டிருந்தா இருக்கும். நீ எல்லா இடத்துலயும் மூச்சு விட்டிருக்கே."

"இதை ஏன் அங்கேயே சொல்லலை? உங்க தங்கச்சியோட வருஷம் போயிருக்குமே!"

அவர் சட்டையைக் கீழே வைத்தார். "குடுக்கத்தான் போறேன். எப்படிக் குடுக்கறதுன்னுதான் காலையிலேருந்து யோசிக்கிறேன். வெறும் மூச்சு மட்டுமில்ல அதுல. நீ நிறைய பேசியிருக்கே. எங்க ரெண்டு பேரைப் பத்தியும்."

கண்ணாடிக்குப் பின்னால், தனி அறையில், மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னென்ன சொல்லித் தொலைத்தேனோ!

"போடுங்க" என்றேன். "பாடம் முக்கியம்."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, கணினியை நடுவில் வைத்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். என் முன்னால் அச்சுப் புத்தகம். அடைப்புக்குறி எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று விரல் வைத்துச் சொல்வது என் வேலை. துண்டுகள் பதிவான வரிசையிலேயே இருந்ததால், அந்த இடத்துக்கு உரிய துண்டைக் கண்டுபிடித்து ஒட்டுவது அவர் வேலை.

"வெறும் சைலன்ஸை வச்சா ஆகாதா? சீக்கிரம் முடியுமே" என்று கேட்டேன்.

"வெறும் சைலன்ஸ் காதை அடைச்ச மாதிரி இருக்கும். அந்த அறையோட சைலன்ஸ்தான் வேணும். ஃபேன் நின்ன பிறகு ஒரு மாதிரி இருக்குமே, அது." அவர் என் மூச்சு ஒன்றை எடுத்து "இரண்டு எக்ஸ்"ஸுக்கும் "அடுக்கு மூன்று"க்கும் நடுவில் வைத்தார். போட்டுக் காட்டினார். அடைப்புக்குறி திரும்பி வந்துவிட்டது.

"பத்தாது" என்றாள் நாத்தனார். "நான் ரெட்டை வேகத்துல கேக்கறவ. அதுல இது ஓடிப்போயிடும்."

"அப்போ ரெட்டை சைலன்ஸ்" என்று அவர் இன்னொரு மூச்சைச் சேர்த்தார்.

நாலைந்து கணக்கு இப்படியே போனது. பிறகு ஒரு துண்டில் நான் பேசினேன். கணக்கை வாசித்துவிட்டு, விடையை வாசிக்கும் முன் அது சரிதானா என்று எனக்குள் போட்டுப் பார்த்திருக்கிறேன். தூரத்திலிருந்து கேட்கிற மாதிரி என் முணுமுணுப்பு வந்தது: "ரெண்டும் எக்ஸும் ஒரே வண்டியில ஏறியாச்சு. மூணு வெளியில நிக்குது. ரெண்டுக்கும் டிக்கெட் உண்டு, எக்ஸுக்கும் உண்டு. எட்டு, எக்ஸ் மூணு. இப்போ எக்ஸ் ரெண்டு வருது. பக்கத்து பக்கத்துல வந்தா கூட்டு. தலைமேல ஏறினா பெருக்கு. அஞ்சு. சரிதான்."

அவர் அதை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தார்.

"இரு, இரு. அதை ஏன் தள்றே?" என்றாள் நாத்தனார்.

"அது முணுமுணுப்பு."

"அதுதான் பாடம்! பக்கத்துல வந்தா கூட்டு, தலைமேல ஏறினா பெருக்கு. இதை ஏன் அண்ணி மைக்ல சொல்லலை? மைக்ல என்னவோ 'அடிமானங்கள் சமமாக இருக்கும்போது'ன்னு ஆரம்பிச்சீங்க. எனக்குத் தூக்கம் வந்துச்சு."

"புத்தகத்துல என்ன இருக்கோ அதைத்தானே வாசிக்க முடியும்?"

"இதையும் ஒட்டுண்ணா. எல்லாத்தையும் ஒட்டு. எனக்கு மட்டும். மேனேஜருக்கு வேற செஞ்சு குடு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் சங்கடமே. ஏனென்றால், என் முணுமுணுப்பு எப்போதும் கணக்கோடு நிற்பதில்லை. ஒரு துண்டில், "இந்தக் கணக்கைப் போட்டவனுக்கு வீட்டுல நிம்மதியே இல்ல போல" என்றேன். இன்னொன்றில், "அரிசி ஊற வச்சேனா?" என்றேன். அடுத்த துண்டுக்கு முன்னால் அவர் கை தயங்கியது.

"இதை விட்டுடலாம்" என்றார்.

"போடு" என்றாள் தங்கை.

நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு நான், நன்றாகக் கோபத்தில்: "காலையில டீ ஆறிப்போச்சுன்னு அவ ஒரு பக்கம், சட்டையில பட்டன் இல்லைன்னு இவர் ஒரு பக்கம். ரெண்டு பேருக்கும் ஒரே வாய். அண்ணனையும் தங்கச்சியையும் ஒரு அடைப்புக்குறிக்குள்ள போட்டு வெளியில பூட்டணும்."

நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த எழுத்து எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாத்தனார் தண்ணீர்க் குவளையைத் தேடி எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"வெளியில அடுக்கு எவ்வளவு அண்ணி?" என்று கேட்டாள்.

"என்ன?"

"பூட்டிட்டு வெளியில ஒரு அடுக்கு வைப்பீங்கல்ல? ரெண்டா, மூணா? எங்க ரெண்டு பேருக்கும் உண்டே அது."

முதலில் சிரித்தது என் கணவர். குனிந்து மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே பொட்டலமாக வந்தன. "அடுக்கு பூஜ்ஜியம் வைக்கணும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒண்ணுன்னு ஆயிடுவீங்க. சமாளிக்க எனக்குச் சுலபம்" என்றேன். அவள் கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நாலு கணக்கு முடியும்வரை விடவில்லை.

இருட்டுவதற்குள் பாடம் முடிந்தது. மேனேஜருக்கு ஒரு பதிப்பு, நிறுத்தங்கள் மட்டும் உள்ளது. தங்கைக்கு ஒரு பதிப்பு, எல்லாம் உள்ளது. அதோடு, புத்தகத்தின் முதல் பாடத்திலேயே, முன்னுரையில் இல்லாமல், நிறுத்தம் என்றால் அடைப்புக்குறி என்று ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். என் கர்வத்தைக் கொஞ்சம் மடித்து வைத்துவிட்டு, குழப்பம் வரக்கூடிய இடங்களில் வாய்விட்டே "அடைப்புக்குறி" என்று சொல்லிவிடலாம் என்றும் முடிவு செய்தேன். ரயில் நிலையத்தில் அறிவிப்பு கேட்டு யாரும் வழி தவறிப் போனதில்லை.

அந்த வாரம் முழுக்க அவள் பஸ்ஸில் என் முணுமுணுப்பைக் கேட்டபடி போனாள். ஒரு நாள் கூரியர் அலுவலகத்தில் யாரோ, "ரெண்டு பார்சல் ஒரே பெட்டியில வருமா?" என்று கேட்டதற்கு, "ஒரே பெட்டின்னா ரெண்டுக்கும் உண்டு சார்" என்று பதில் சொல்லிவிட்டாளாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம் திடீரென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, "தேறிடுவேனா அண்ணி?" என்றாள். ஒரு கணக்கைக் கொடுத்தேன். சரியாகச் சொன்னாள். இன்னொன்று கொடுத்தேன்.

தேர்வு நாளன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு அவளோடு போனேன். தேர்வு அறைக்கு வெளியே நீளமான பெஞ்சு. கேள்வியை வாசித்து, அவள் சொல்லும் விடையை எழுத, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர் ஒருவர் வந்திருந்தார். நரைத்த கூந்தல், கழுத்தில் தொங்கும் கண்ணாடி. அவர் ஒரு வார்த்தை பேசியதுமே எனக்குப் பகீரென்றது. செய்தி வாசிக்கிற மாதிரி, மூச்சே விடாமல், ஓட்டமாகப் பேசினார்.

உள்ளே நடந்ததை அவள்தான் பிறகு சொன்னாள்.

"ஒன்பதாவது கேள்வி அண்ணி. 'மூன்று எக்ஸ் அடுக்கு இரண்டு பெருக்கல் இரண்டு எக்ஸ் அடுக்கு மூன்று.' கடகடன்னு ஓடிட்டாங்க. கேட்டபடியே போடப் போனேன். மூணு ரெண்டு ஆறு, ஆறு எக்ஸ் அடுக்கு அஞ்சு. சுலபமா இருந்துது. ஆனா ஒன்பதாவது கேள்வி இவ்வளவு சுலபமா இருக்குமான்னு ஒரு சந்தேகம். 'அம்மா, இதுல அடைப்புக்குறி இருக்கா?'ன்னு கேட்டேன்."

"இருந்துதா?"

"'அட, ஆமா, ரெண்டு இருக்கு'ன்னாங்க. 'அதைச் சொல்லணுமா?'ன்னு கேட்டாங்க அண்ணி! 'சொல்லுங்கம்மா, எங்கே திறக்குது, எங்கே மூடுது, எல்லாம் சொல்லுங்க'ன்னேன். மூணு எக்ஸ் ஒரு பொட்டலம், வெளியில ரெண்டு. ரெண்டு எக்ஸ் ஒரு பொட்டலம், வெளியில மூணு. ஒன்பது, எட்டு. எழுபத்திரண்டு எக்ஸ் அடுக்கு அஞ்சு." அவள் மூச்சு விட்டாள். "அப்புறம் பழைய கேள்விகளுக்குப் போய் ஒவ்வொண்ணுலயும் கேட்டேன். இன்னும் ஒண்ணுல இருந்துது. அந்த அம்மா பாவம், கடைசியில அவங்களே ஒவ்வொரு குறிக்கும் நிறுத்தி நிறுத்தி வாசிக்க ஆரம்பிச்சுட்டாங்க."

முடிவு வந்த அன்று அவள் அலுவலகத்திலிருந்து போன் செய்தாள். நான் ஸ்டூடியோவுக்குள் இருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கணவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கினார். பிறகு பொத்தானை அழுத்தி, "மகாராணிக்கு சீட் கிடைச்சாச்சு" என்றார். நான் மைக் திறந்திருப்பதை மறந்து என்னென்னவோ சொன்னேன். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் பதிவை நிறுத்தவில்லை.

இப்போது அவள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். போகும்போது அண்ணனிடமிருந்து அந்தக் குப்பை முழுவதையும் தன் போனில் ஏற்றிக்கொண்டு போனாள். கணக்குப் புத்தகம் முடிந்துவிட்டது, இனி அது எதற்கு என்று கேட்டேன். விடுதிக்கும் வீட்டுக்கும் நடுவில் பஸ் பயணம் நீளம் என்றாள். அதில் என் தும்மல் ஒன்பதும் இருக்கிறது.